வளவுக்கேற்ற அடுப்பு

அத்தியாயம் 7

டோஹாவிலிருந்து வந்த பதியுதீன் பெட்டிகளையெல்லாம் பிரித்து, சவர்க்காரம் யாருக்கு, கம்பளி யாருக்கு என்று பங்கு வைத்து முடித்தபின், சாப்பாட்டுப் பாயில் இருந்தபடி, "கேஸில எரியிற பாபிகியூ அடுப்பு ஒண்டு வாங்கப் போறன்" என்று சொன்ன இடத்தில் போன கிழமை கதையை நிறுத்தியிருந்தோம். மனைவி ஸகியாவின் கையில் அகப்பை அப்படியே நின்றதும், குசினிக் கதவுக்குப் பின்னால் அவள் தாய் ஆமினா உம்மா இருமியதும் வாசகர்களுக்கு நினைவிருக்கும்.

அந்த இருமலுக்கு ஓர் அர்த்தம் உண்டு. ஆமினா உம்மாவுக்குச் சளி பிடித்தால் தும்மல்தான் வரும். இருமினால், மருமகன் சொன்னது பிடிக்கவில்லை என்று பொருள்.

பிடிக்கவில்லை என்றால் நேரே சொல்லலாமே என்று வெளியூர்க்காரர்கள் கேட்கக்கூடும். காத்தான்குடியில் அந்த வழக்கம் இல்லை. மருமகன் வாசலுக்கு வந்தால் மாமி முக்காட்டை இழுத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் போய்விட வேண்டும். ஒரே கூரையின் கீழ் வாழலாம், ஒரே சட்டிக் கறியைச் சாப்பிடலாம், முகம் பார்த்துப் பேசக்கூடாது. இப்போதெல்லாம் சில வீடுகளில் பேசுகிறார்கள்தான். ஆமினா உம்மா அந்தச் சில வீடுகளைச் சேர்ந்தவர் அல்ல.

ஆகவே இரண்டு பக்கத்துச் சொல்லையும் சுமப்பது ஸகியாவின் வேலை. கலியாணம் முடிந்த நாளிலிருந்து சுமக்கிறாள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். ஆனால் ஸகியா இடி வாங்குகிற பெண் இல்லை. பிள்ளைக்கு மீன் ஊட்டும் தாய் முள்ளை எடுத்துவிட்டுச் சதையை மட்டும் கொடுப்பாள் அல்லவா, அதுபோல ஒரு பக்கத்துப் பேச்சில் இருக்கிற முள்ளையெல்லாம் எடுத்து வீசிவிட்டுத்தான் மறுபக்கத்துக்குக் கொடுப்பாள். அந்த வீட்டில் இத்தனை வருடமாகச் சண்டை வராததற்குத் தன் கைப்பக்குவம்தான் காரணம் என்று அவளுக்கு உள்ளூர ஒரு பெருமையும் உண்டு.

அந்தப் பெருமைக்குத்தான் இந்த வாரம் சோதனை வந்தது.

சண்டை நின்று பேச்சுவார்த்தை தொடங்கி, றோட்டில் தடைகளெல்லாம் தளர்ந்திருந்த வருடம் அது. முந்திய வருடம்வரை கேஸ் சிலிண்டர் ஒன்றை மட்டக்களப்பிலிருந்து கொண்டுவருவதென்றால் செக் பொயின்ற்றில் இறக்கி, உருட்டி, தட்டிப் பார்த்து, கொண்டுவந்தவரையும் ஏற இறங்கப் பார்த்துத்தான் விடுவார்கள். ஆற்றுக்கு அப்பால் படுவான்கரையிலிருந்து தோணியில் வருகிற விறகும் ஹர்த்தாலென்றால் நின்றுவிடும். இப்போது விறகும் வந்தது, சிலிண்டரும் வந்தது, டோஹாவிலிருந்து பதியுதீனும் வந்தார்.

வந்தவர் எப்போது திரும்பிப் போகிறார் என்பதை மட்டும் சொல்லவில்லை. முந்திய லீவுகளில் வந்த அன்றைக்கே திரும்பிப் போகும் திகதியைச் சொல்லிவிடுவார். இந்தமுறை ஸகியா இரண்டு தரம் சாடையாகக் கேட்டுப் பார்த்தாள். "பாப்பம்" என்றார். அந்த ஒரு சொல்லைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டுதான் அவள் தூங்கினாள். மகள் ஹனீனா இப்போதுதான் தகப்பனைக் கண்டால் ஒளிக்காமல் பக்கத்தில் போய் நிற்கப் பழகியிருந்தாள். இவர் நின்றுவிடமாட்டாரா என்று ஸகியா ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டாள். வாய்விட்டு அவரிடம் கேட்கவில்லை. கேட்டு, இல்லை என்று சொல்லிவிட்டால்?

வெள்ளிக்கிழமைக்கு முதல்நாள் காலையில் பதியுதீன் தேத்தண்ணிக் கோப்பையோடு வளவில் நின்றார். வளவென்றால் பெரிய வளவில்லை. கிணறு, ஒரு முருங்கை, துணி காயப்போடும் கொடி, அதற்கப்பால் கிழக்கு மூலையில் வெறுமையாக ஒரு துண்டு நிலம், பிறகு மதில். கையில் ஒரு நைலோன் கயிற்றை வைத்து மூலையில் பிடித்துப் பார்த்து, இரண்டு முடிச்சுப் போட்டுச் சேட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"ஸகியா, மாமிக்கிட்ட கேளு. அந்தக் கிழக்கு மூலையை எனக்குத் தருவாங்களா எண்டு."

"அடுப்பு வைக்கவா மச்சான்?"

"ஓம். தந்தா ஒரு கதை. தராட்டி வேற கதை."

வேற கதையா? ஸகியாவுக்கு அது மிரட்டல் போலக் கேட்டது. நல்ல பெரிய முள். எடுத்து வீசிவிட்டுக் குசினிக்குப் போனாள்.

ஆமினா உம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இளைய மகள் ஸாலிஹா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"உம்மா, அவருக்கு மூலையில கொஞ்சம் இடம் வேணுமாம். சும்மா, எப்பயாவது வெள்ளிக்கிழமைக்குக் கோழி சுட."

திருவலை நின்றது. "அந்த மூலை ஆருக்கு வெச்சிருக்கிற எண்டு தெரியாதா அவருக்கு? ஸாலிஹாட சீதன ஊடு கட்டற இடம். ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளைப் பகுதியார் வந்து இடம் பாக்கப் போறாங்க. அதுல கொண்டுபோய்ச் சிலிண்டரை நட்டுவைக்கவா? இவ்வளவு காலமும் கேட்ட வெடிச்சத்தம் காணாதா நமக்கு?"

"வெடிக்காது உம்மா."

"நீ கண்டாய்! அவரு ரெண்டு மாசத்தில பிளேன் ஏறிடுவாரு. அவர்ர சிலிண்டருக்கு நான் காவல் இருக்கணும். சொல்லு உன்ட மாப்பிள்ளைக்கு. ஊரில நிக்கிற மனுசனெண்டா முழு வளவையும் குடுப்பன். போற மனுசனுக்கு மூலை என்னத்துக்கு?"

ஸாலிஹா சிரித்தாள். "ராத்தா, இதை எப்படிக் கொண்டுபோகப் போறீங்க? முள்ளைத் தவிர வேற ஒண்டுமில்லையே!"

உண்மைதான். ஆமினா உம்மா பேசியதில் எதை விட்டு எதைக் கொடுப்பது? வெடிச்சத்தத்தைச் சொல்ல முடியாது. பிளேன் ஏறுவதைச் சொன்னால் குத்திக்காட்டுவதுபோல இருக்கும். நிக்கிற மனுசன், போற மனுசன் என்றது எல்லாவற்றையும் விடக் கூரான முள். மனைவி வீட்டில் இருக்கிற ஆம்பிளைக்கு அதைச் சொன்னால் அன்றைக்கே பெட்டியைக் கட்டிவிடுவார் என்று ஸகியா பயந்தாள். குசினியிலிருந்து வளவுக்குப் போகிற அந்தச் சின்ன இடைவெளிக்குள் அவள் யோசித்தாள். முழு மூலையைத்தானே தரமாட்டேன் என்கிறார்? கொஞ்சம் தரலாம்தானே?

"உம்மா சொல்றாங்க மச்சான், சின்னதா ஒண்டு வாங்கினாக் காணுமாம்."

பதியுதீன் மூலையைப் பார்த்தார். "மாமி சொன்னது அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"வேற ஒண்டும் சொல்லல்லயா?"

"இல்ல மச்சான்."

மிச்சத் தேத்தண்ணியை அவர் முருங்கையின் அடியில் ஊற்றினார். பதியுதீன் தேத்தண்ணியை வீணாக்குகிறவர் இல்லை. "சரி. வெளிக்கிடு, கடைக்குப் போவம். ஊட்டுக்காரி பாத்து எடுத்தாத்தான் சரி" என்றார்.

உசனார் காக்காவின் கடையில் வெளிநாட்டுச் சாமான் இல்லாத இடுக்கு இல்லை. கம்பளிகள் கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தன. அவற்றுக்கிடையில் மூன்று பாபிகியூ அடுப்புகள் நின்றன. ஒன்று பெரியது, உருட்டச் சில்லுகள் வைத்து, இரண்டு பக்கமும் தட்டு வைத்து, மூடியோடு. மற்றது அதில் பாதிக்கும் குறைவு, இரண்டு எரிகுழல், மடிக்கிற தட்டு. மூன்றாவது மேசையில் வைக்கிற பெட்டி.

"வாங்க தம்பி, வாங்க மகள்" என்றார் உசனார் காக்கா. "டோஹாவில சுட்டது காணாதெண்டு காத்தான்குடியிலயும் சுடப்போறீங்க!"

பதியுதீன் டோஹாவில் ஒரு உணவகத்தில் வாட்டடுப்புக்கு முன்னால்தான் நின்றவர். பேச்சுக்கு நேரம் செலவழிக்காமல் மேசைப் பெட்டியைத் தூக்கிப் பார்த்தார். அடித்தகட்டை விரலால் தட்டினார்.

"இது ஒரு மாரிக்குத் தாங்காது காக்கா. கடல் ஒருபக்கம், ஆறு மறுபக்கம். உப்புக்காத்து திண்டுபோடும்."

இரண்டாவது அடுப்பின் கம்பித் தட்டு வார்ப்பிரும்பு. கனமாக இருந்தது. மூடியைத் திறந்து, முழுக் கோழி ஒன்றை வைத்தால் தலை முட்டுமா என்று கையை மடித்து வைத்து அளந்தார். எரிகுழலைச் சுற்றித் தகடு மறைப்பு இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசுகிற நாட்களில் அந்த மறைப்பு இல்லாவிட்டால் நெருப்பு ஒருபக்கம் படுத்துவிடும்.

ஸகியாவுக்கும் கேட்க ஒன்று இருந்தது. "காக்கா, எண்ணெய் வடியிற தட்டு எந்தப் பக்கத்தால வரும்?"

"முன்பக்கத்தால மகள்."

"அப்ப மதிலோட ஒட்டி வைக்கலாம். பின்பக்கத்தால வந்தா ஒவ்வொருமுறையும் அடுப்பை இழுக்கணும்."

"பாத்தீங்களா தம்பி? நீங்க நெருப்பைப் பாக்கிறீங்க, அவ கழுவுறதைப் பாக்கிறா" என்று உசனார் காக்கா சிரித்தார். குழாயையும் ரெகுலேற்றரையும் எடுத்துக் கொடுத்தார். டோஹா ரெகுலேற்றர் இங்கத்தைச் சிலிண்டருக்குப் பொருந்தாது, அதைக் கொண்டுவந்து ஏமாந்தவர்கள் ஊரில் நிறையப் பேர் என்று ஒரு கதையும் சொன்னார்.

"இது காணும். இதைக் கட்டுங்க" என்றார் பதியுதீன்.

உசனார் காக்கா கட்டவில்லை. "இதுவா? அப்ப அந்தப் பெரிசு? முந்தநாள் தொழுதிட்டுப் பள்ளியால வரக்குள்ள, வேற ஆருக்கும் குடுத்துராதீங்க காக்கா எண்டீங்களே. கேட்டு வந்த ரெண்டு பேரைத் திருப்பி அனுப்பினன்."

"அது வேணாம் காக்கா. ஊட்டில சின்னது காணும் எண்டுட்டாங்க."

சொல்லிக்கொண்டே அவர் சேட்டுப் பையிலிருந்து கயிற்றை எடுத்துக் கையில் சுருட்டினார். ஸகியா அந்தக் கயிற்றைப் பார்த்தாள். இரண்டு முடிச்சுக்கும் இடையிலான நீளத்தைப் பார்த்தாள். பிறகு பெரிய அடுப்பைப் பார்த்தாள். கயிற்றை அடுப்பில் வைத்துப் பார்க்க வேண்டிய தேவையே இருக்கவில்லை.

ஐந்து பேர் சாப்பிடுகிற வீட்டுக்கு யார் அவ்வளவு பெரிய அடுப்பு வாங்குவார்கள்?

த்ரீவீலரில் பெட்டி அவர்களுக்கிடையில் இருந்தது. ஸகியா அதற்கு மேலால் கேட்டாள். "பெரிசு என்னத்துக்கு மச்சான்?"

"ஒண்டுமில்ல. வளவுக்கு ஏத்ததுதானே அடுப்பு." அவர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

அவளுக்கு விளங்கிவிட்டது. மனைவி வீட்டில் வாழ்வதில் அந்த ஊரில் எந்த ஆம்பிளைக்கும் வெட்கமில்லை. எல்லாரும் அப்படித்தான் வாழ்கிறார்கள். ஆனால் கையில் ஒரு தொழில் இல்லாமல் மனைவி வீட்டில் இருப்பவனை ஊர் சும்மா விடாது. பதியுதீன் அந்த மூலையில் தொழில் வைக்க நினைத்திருக்கிறார். தொழில் வைத்துக்கொண்டு நிற்க நினைத்திருக்கிறார். இடம் மாமியுடையது, மாமி ஓம் என்று சொன்னபிறகு மற்றதைச் சொல்லலாம் என்று வைத்திருக்கிறார். தந்தா ஒரு கதை. அவள் முள்ளென்று எறிந்தது அதைத்தான். உம்மாவிடமிருந்து எறிந்ததும் அதைத்தான். நிக்கிற மனுசனெண்டா முழு வளவு.

இரண்டு பக்கமும் சதையை எறிந்துவிட்டு, இல்லாத ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். சின்னதாக ஒன்று. சின்னது போதும் என்றால், லீவில் வந்த மனுசன் விளையாடிவிட்டுப் போகட்டும் என்றுதானே அர்த்தம்? பதியுதீன் அப்படித்தான் எடுத்திருக்கிறார். மாமி என்னைப் போகச் சொல்கிறார் என்று.

த்ரீவீலரைத் திருப்பச் சொல்லலாம். வாய்வரை வந்தது. ஆனால் என்னவென்று சொல்வது? உம்மா சொன்னது ஒன்று, நான் உங்களுக்குச் சொன்னது வேறொன்று என்றா? அப்படிச் சொன்னால், போன வருடம் சொன்னது? அதற்கு முதல் வருடம் சொன்னது? பெருநாளைக்கு, பிள்ளை பிறந்ததற்கு, வாப்பா மௌத்தானதற்கு இரண்டு பேரும் சொல்லிக்கொண்டதெல்லாம் உண்மையா என்று கேட்கமாட்டாரா? த்ரீவீலர் வீட்டு வாசலில் நின்றது.

ளுஹர் தொழுகைக்குப் பிறகு பதியுதீன் அடுப்பைப் பாகம் பாகமாகப் பூட்டினார். கிணற்றுக்கட்டுப் பக்கம், கச்சான் காற்றுக்கு முதுகு காட்டி, கொடித் துணிக்குப் புகை போகாத மாதிரி வைத்தார். கிழக்கு மூலையின் பக்கம் அவர் போகவே இல்லை. சிலிண்டரை நிழலில் நிறுத்தி, குழாயைக் கொழுவி, பிறகு ஒரு கிண்ணத்தில் சவர்க்கார நுரை கரைத்துக் குழாய் மூட்டில் தடவினார்.

குசினிக் கதவு ஒரு விரற்கடை திறந்தது. "ஸகியா! என்னகா செய்றாரு? அடுப்பைக் குளிப்பாட்டுறாரா?"

"கேஸ் ஒழுகுதா எண்டு பாக்கிறாரு உம்மா. ஒழுகினாக் குமிழி வரும்."

"வருதா?"

"வரல்ல."

கதவு அதற்குப் பிறகு மூடவில்லை. அந்த ஒரு விரற்கடை அப்படியே இருந்தது.

அஸர் தொழுதுவிட்டு வந்து நெருப்பை மூட்டினார். மிளகும் உள்ளியும் தயிரும் பூசி ஊறவைத்த கோழித்துண்டுகள், முழுசாகக் கீறிய ஒரு கொடுவா மீன். மீனை வைத்ததும் தட்டில் பாதி நிறைந்துவிட்டது. கொழுப்பு சொட்டிச் சீறியது. கச்சான் காற்று வாசத்தை அள்ளிக்கொண்டு மதிலுக்கு மேலால் போனது.

காத்தான்குடியில் வாசம் போன இடத்துக்கெல்லாம் பீங்கானும் போக வேண்டும். பக்கத்து வீட்டு மூக்குக்கு எட்டியதில் ஒரு துண்டாவது கொடுக்காமல் தின்றால் அது தொண்டையில் நிற்கும் என்று சொல்லி வளர்த்த ஊர். நாலு மதில், நாலு வீடு, மதிலோடு மதில் ஒட்டிய வளவுகள். விறகடுப்பில் கறி காய்ச்சினால் வாசம் குசினியோடு நின்றுவிடும். இது வெட்டவெளியில் சுடுகிறது.

முதல் ஆளாக மதிலுக்கு மேல் ஸஹீதாவின் தலை தெரிந்தது. "ஸகியா, என்ன இது, டோஹா இஞ்ச வந்துட்டா?"

ஒரு பீங்கான் போனது. பின்வளவில் ஒரு பிள்ளை அழுதது. இன்னொன்று போனது. மற்ற இரண்டு மதிலுக்கும் போனது. தட்டில் நாலைந்து துண்டுக்கு மேல் வைக்க இடமில்லை. பதியுதீன் சுட்டு எடுக்க, ஸாலிஹா கொண்டு ஓட, தட்டு மறுபடியும் காலி. வீட்டில் ஹனீனாவைத் தவிர இன்னும் ஒருவரும் வாய் நனைக்கவில்லை. பதியுதீனின் முகம் நெருப்பில் சிவந்திருந்தது, அவர் வந்த இரண்டு கிழமையில் ஸகியா கண்டிராத ஒரு பிரகாசமும் அதில் இருந்தது. அவர் இடுக்கியைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்தாலே தெரியும், இந்த மனுசனுக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது.

ஸஹீதா வெறும் பீங்கானை மதிலில் வைத்தாள். "மாப்பிள்ளை ஊரில நிக்கிறாரெண்டாச் சொல்லு ஸகியா. ஒவ்வொரு வெள்ளியும் நாங்க உங்ககிட்டயே வாங்குவம். கடைக் கோழியை மனுசன் திம்பானா?"

குசினிக் கதவுக்குப் பின்னால் ஆமினா உம்மா இருமவில்லை. மகள் வைத்த கொடுவாத் துண்டைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சாப்பிட்டு முடித்து, விரலைக் கழுவி, முக்காட்டைச் சரிசெய்தபிறகு குரல் வந்தது.

"ஸகியா. சொல்லு மருமகனுக்கு."

பதியுதீன் இடுக்கியோடு நிமிர்ந்தார். வழக்கம்போல மனைவியின் முகத்தைப் பார்த்தார். சொல் அங்கிருந்துதானே வரவேண்டும்.

ஸகியா கதவுக்கும் அடுப்புக்கும் நடுவில் நின்றாள். பிறகு கிணற்றுக்கட்டில் போய் இருந்தாள். "எனக்கு ஏலாது உம்மா. நீங்களே சொல்லுங்க."

"என்னகா பேசுறாய்?"

"நான் கொண்டுபோனாச் சரியாப் போய்ச் சேராது. காலையில நீங்க சொன்னது இவருக்குப் போய்ச் சேரல்ல. இவரு சொன்னது உங்களுக்கு வந்து சேரல்ல. ரெண்டையும் நான்தான் வெட்டிக் குறைச்சன். சண்டை வரக்கூடாதெண்டு குறைச்சன். இதை மட்டுமில்ல, எல்லாத்தையும்தான்." முகத்தைச் சீலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள்.

துண்டொன்று கருகத் தொடங்கியது. பதியுதீன் அதைத் திருப்பவில்லை.

கதவு இன்னொரு விரற்கடை திறந்தது. ஆமினா உம்மாவின் குரல் வந்தது. சத்தமாகவும் இல்லை, திடமாகவும் இல்லை. பழகாத பாதையில் இருட்டில் காலை வைப்பதுபோல வந்தது.

"மகன்."

அந்த ஒரு சொல்லுக்கே பதியுதீன் தலையைக் குனிந்துகொண்டார். "ஓம் மாமி."

"அடுப்பு சின்னதாக் கிடக்கு. போற மனுசனுக்கு இது காணும். நிக்கிற மனுசனுக்குக் காணாது."

"நிக்கிறத்துக்குத்தான் மாமி இடம் கேட்டன்."

"கேட்டீங்களா?"

"பெரிசு ஒண்டு பாத்து வெச்சிருந்தன். அந்தி நேரத்தில சுட்டு விக்கலாமெண்டு. கொம்பனிக்கு வாறன் எண்டும் சொல்லல்ல, வரல்ல எண்டும் சொல்லல்ல. உங்கட சொல்லைப் பாத்துக்கொண்டிருந்தன்."

"என்ட சொல்லைக் காலையிலயே சொல்லிட்டன், மகன். ஊரில நிக்கிறீங்கெண்டா முழு வளவையும் தருவன் எண்டு."

"இப்பதான் வந்து சேருது மாமி."

ஸகியா முகத்திலிருந்து சீலையை எடுத்தாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. எதை முதலில் விடுவதென்று தெரியவில்லை. அவர் நிற்கப் போகிறார். எத்தனை தொழுகையில் கேட்டது, இதோ கிணற்றுக்கட்டுக்குப் பக்கத்தில், கருகிய கோழி வாசத்தோடு வந்து நிற்கிறது. மூக்கைத் துடைத்துக்கொண்டு எழும்பி, பதியுதீனின் கையிலிருந்து இடுக்கியை வாங்கித் துண்டுகளைத் திருப்பினாள்.

ஸாலிஹா நாலாவது மதிலிலிருந்து வெறும் பீங்கானோடு திரும்பி வந்து, கொடிக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. காலையில் சிரித்த பிள்ளை இப்போது சிரிக்கவில்லை. கோபமும் படவில்லை. பீங்கானைக் கிணற்றுக்கட்டில் மெதுவாக வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அப்ப ஞாயிற்றுக்கிழமை வாற ஆக்களுக்கு எந்த மூலையைக் காட்டப் போறீங்க?"

பதியுதீன் கிழக்கு மூலையைப் பார்த்தார். அந்தத் துண்டு நிலம் காலையில் இருந்ததைவிட இப்போது இன்னும் சின்னதாகத் தெரிந்தது. கதவுக்குப் பின்னால் ஆமினா உம்மா மூச்சை இழுத்துவிடுவது கேட்டது. முழு வளவு என்று சொன்ன வாய்க்கு அதற்குள் இருந்த அந்த மூலை நினைவில் வரவில்லை.

பிறகு இரண்டு பேரும், மாமி கதவிடுக்கால், மருமகன் அடுப்புக்கு மேலால், பழக்கதோஷத்தில் ஸகியாவையே பார்த்தார்கள். இதை நீ கொண்டுபோய் அவளிடம் கொடு, முள்ளெடுத்துக் கொடு என்பதுபோல.

ஸகியா அடுப்பின் திருகைத் திருகினாள். நெருப்பு அணைந்தது. தங்கச்சியின் பக்கத்தில் போய், அவளுடைய தோளோடு தோள் ஒட்டி நின்றாள்.

"என்னைப் பாக்காதீங்க" என்றாள். "கேட்டது இவ. இவட முகத்தைப் பாத்துச் சொல்லுங்க."